நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை

சாப்பிடப் போகிற கம்ப்யூட்டரை வாலு தன் முப்பத்தொரு வயதில் அன்றுதான் முதல் தடவையாகச் சந்தித்தான்.

"ஒண்ணு பத்துக்குப் போகுது. ஒண்ணு நாப்பத்திரண்டுக்குத் திரும்பி வருது," என்றார் மீட்டரக்கா, மேஜையில் பரப்பியிருந்த காகிதங்களிலிருந்து தலையைத் தூக்காமல். "முப்பத்திரண்டு நிமிஷம். தினமும்."

"கை கழுவுற நேரம் சேர்த்தா, சேர்க்காமயா அக்கா?"

"சேர்த்து."

மீட்டரக்கா சிரிக்கவில்லை. அவர் சிரித்து வாலு பார்த்தது மொத்தம் இரண்டு தடவை. அதில் ஒன்று, வாலு மாடிப்படியில் உருண்ட அன்று. மின்சார வாரியத்தில் பதினான்கு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் படித்தவர் அவர். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் யார் குடியிருக்கிறார்கள், எந்த வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் கரண்டைத் திருடுகிறார் என்பதையெல்லாம் மீட்டர் ஓடுகிற வேகத்தை வைத்தே சொல்லிவிடுவார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டார். அங்கே ஒரே உதவியாளன் வாலு. பெயர்க்காரணம் கேட்டவர்கள் அவனிடம் ஐந்து நிமிஷம் பேசியதும் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்வார்கள்.

இப்போது இருவரும் உட்கார்ந்திருந்தது ஒரு பார்சல் கம்பெனியின் மூன்றாவது மாடியில். எதிரே அந்தக் கம்பெனியின் இன்ஜினியர். நாற்பது வயதுப் பெண்மணி. கண்ணுக்குக் கீழே கருவளையம். பக்கத்தில் நீலத் துணிப்பை, அதற்குள் திறக்கப்படாத டிபன் பாக்ஸ். மணி இரண்டேகால்.

"எனக்குப் புரியிற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்," என்றான் வாலு. "அக்காவுக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா எனக்குப் புரியலைன்னா அவங்க என்னைக் கேவலமாப் பார்ப்பாங்க."

இன்ஜினியர் பொறுமையாகச் சொன்னார். கம்பெனியின் எல்லா விவரமும், அதாவது எந்தப் பார்சல் எங்கே போனது, எப்போது போனது என்பதெல்லாம், கிளவுடில், இன்டர்நெட் வழியே வாடகைக்கு எடுத்த இடத்தில், ஒரு தகவல் கிடங்கில் இருக்கிறது. விவரத்தை அங்கே வைத்திருக்க வாடகை கொஞ்சம்தான். கேள்வி கேட்டால் தேடிப் பதில் சொல்கிற வாடகைக் கம்ப்யூட்டருக்குத்தான் காசு. அது வெயிட்டிங்கில் நிற்கிற டாக்ஸி மாதிரி. வண்டி ஓடினாலும் சரி, சும்மா நின்றாலும் சரி, மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

"அதான் ரெண்டரை மாசத்துக்கு முன்னாடி ஒரு ஏற்பாடு பண்ணேன். அஞ்சு நிமிஷம் யாரும் எதுவும் கேக்கலைன்னா மெஷின் தானாத் தூங்கிடும். வாடகை நின்னுடும். யாராவது கேட்டா தானா முழிச்சுக்கும். பில் பாதியாக் குறைஞ்சுது. முதலாளி கைகுலுக்கினார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆறு வாரமா அது தூங்கவே மாட்டேங்குது. காலையில எட்டுலேருந்து ராத்திரி எட்டு வரைக்கும் நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரோ கேள்வி கேக்குறாங்க. ஒரே கேள்விதான். 'இன்னிக்கு வந்த பார்சல் எத்தனை?' பில் பழையபடி ஏறி, அதுக்கு மேலயும் ஏறிடுச்சு."

"கேக்குறது யாருன்னு கிடங்கு சொல்லாதா?"

"சொல்லுது." இன்ஜினியர் காகிதத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "நான்னு சொல்லுது."

விஷயம் அதுதான். பதிவேட்டில் வரிக்கு வரி அவர் பெயர். மேனேஜர் அதைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டி, இந்தம்மா கம்பெனி மெஷினில் வெளி வேலை எடுத்துச் செய்கிறார், தூங்க விட்டால் அது நடக்காது என்பதால் முழித்தே வைத்திருக்கிறார் என்று அடித்துச் சொல்லிவிட்டார். பணிநீக்கக் கடிதம் டைப் அடித்தாகிவிட்டது. அதில் திருட்டு என்ற வார்த்தையும் இருக்கிறது. அந்த வார்த்தையோடு வெளியே போனால் வேறு எந்தக் கம்பெனியும் அவரை வாசலில்கூட நிற்க விடாது. நான்கு மணிக்குக் கூட்டம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு ஆதாரம் வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியதால்தான் மீட்டரக்காவுக்குப் போன் வந்தது. சுருக்கமாகச் சொன்னால், இந்த அம்மாவைத் திருடி என்று நிரூபிக்கத்தான் அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"உங்க பாஸ்வேர்டு வேற யார்கிட்ட இருக்கு?" என்றார் மீட்டரக்கா.

"கால் ரூம்ல. பார்சல் வரலைன்னு போன் பண்றவங்களுக்குப் பதில் சொல்ற ரூம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவசரத்துக்கு என் பேர்லயே ஒரு நுழைவு போட்டுக் குடுத்தேன். தற்காலிகமாத்தான். அப்புறம் மாத்தணும் மாத்தணும்னு..."

"நம்ம ஆபீஸ் கூரையில இருக்கிற தார்ப்பாய்கூடத் தற்காலிகம்தான்," என்றான் வாலு. "அதுக்கு இப்ப அஞ்சு வயசு."

"அப்படின்னா கால் ரூம்ல போய்ப் பார்க்கலையா நீங்க?" என்றார் மீட்டரக்கா.

"அங்க இருக்கிற ஒன்பது பேரும் போன் வந்தாத்தான் கிடங்கைக் கேப்பாங்க. இப்படி விடாம கேக்குறது புரோகிராமாத்தான் இருக்கும்னு மூணு வாரமா ஒவ்வொரு கம்ப்யூட்டராத் தோண்டிட்டிருக்கேன். எங்கேயோ ஒண்ணு எழுதி மறந்துட்டேன்போல. என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

மீட்டரக்கா காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார். "எட்டு நாலு. எட்டு எட்டு. எட்டு பதினொண்ணு. எட்டு பதினஞ்சு. புரோகிராம் இப்படித் தடுமாறுமா?"

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது.

"ஒன்பதுலேருந்து பத்து வரைக்கும் கடிகாரம் மாதிரி இருக்கு. ஒரு நொடி பிசகல. பதினொண்ணுலேருந்து பன்னெண்டு, ஒவ்வொண்ணும் நாலே முக்கால், நாலு அம்பது. தூங்கப்போற கடைசி நொடியில எழுப்புறாங்க. இது சோம்பேறி. மூணுலேருந்து நாலு வரைக்கும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு. இது பயந்தாங்கொள்ளி. மதியம் ஒண்ணு பத்துக்கு எல்லாரும் சாப்பிடப் போயிடுறாங்க." மீட்டரக்கா காகிதங்களை அடுக்கினார். "இது மெஷின் இல்லம்மா. மணிக்கு ஒரு ஆள். முறை வச்சுச் செய்றாங்க."

"எதுக்கு?" என்றார் இன்ஜினியர், சின்னக் குரலில்.

"அது மீட்டர்ல தெரியாது. மணி மூணாகப் போகுது. வாலு, எழுந்திரு. பயந்தாங்கொள்ளி டூட்டிக்கு வர்ற நேரம்."

கிளம்பும்போது மீட்டரக்கா நீலத் துணிப்பைக்குள் எட்டிப்பார்த்தார். டிபன் பாக்ஸ் மூடியில் ஆணியால் குத்தியதுபோல ஒற்றைப் புள்ளி.

"சாப்பிடுங்க," என்றார். "வெறும் வயித்துல திட்டு வாங்கக் கூடாது."

கால் ரூம் அதே மாடியின் மறுகோடியில் இருந்தது. நடுவில் ஒரு நீண்ட நடைக்கூடம், இரண்டு கண்ணாடிக் கதவு. வாலு ஒரு நோட்டும் பேனாவுமாக உள்ளே நுழைந்தான். நாற்காலி எண்ண வந்திருப்பதாகச் சொன்னான். நாற்காலி எண்ண வருகிறவனை உலகத்தில் எந்த ஆபீஸிலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவனுக்கே அது வருத்தமாக இருந்தது.

ஒன்பது பேர், ஒன்பது மேஜை. சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. அதில் ஒன்பது கட்டம். சில கட்டங்களில் சிவப்புப் புள்ளி. மேலே மேனேஜரின் கையெழுத்தில்: 'மூன்று நிமிடத்தைத் தாண்டும் அழைப்புக்கு ஒரு சிவப்பு. மூன்று சிவப்புக்கு எச்சரிக்கைக் கடிதம்.'

ஓரத்து மேஜையில், மீசை நரைத்த ஐம்பது வயது ஆசாமி ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மீசையிலிருந்து அவ்வளவு கீச்சுக்குரல் வரும் என்று வாலு எதிர்பார்க்கவில்லை. அவர் நாற்காலியை எண்ணுகிற சாக்கில் பக்கத்தில் குனிந்தான். இழுப்பறைக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம்.

"சார், உங்க மேஜைக்கு இதயம் இருக்கு."

கீச்சுக்குரலுக்கு முகம் வெளுத்தது. அந்த நேரம் பார்த்து இழுப்பறை கிர்ரென்று மணியடித்தது. அனிச்சையாக அவர் கை கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டியது. இன்னொரு கை இழுப்பறையைத் திறந்தது. உள்ளே தக்காளி வடிவத்தில் ஒரு அடுப்படி டைமர். திருகி வைத்துவிட்டு நிமிர்ந்தவர், வாசலில் மீட்டரக்கா நிற்பதைப் பார்த்து அப்படியே உறைந்துபோனார்.

"அது முட்டை வேகவைக்க," என்றார் ஒரு பெண். சூப்பர்வைசர். முப்பத்தைந்து வயதிருக்கும். எழுந்து வந்து கீச்சுக்குரலுக்கு முன்னால் நின்றுகொண்ட விதத்திலேயே அவர்தான் தலைவி என்று தெரிந்தது.

"அடுப்பு எங்கம்மா?" என்றார் மீட்டரக்கா.

"இல்ல."

"முட்டை?"

"அதுவும் இல்ல."

"டைமர் மட்டும் ரெடியா இருக்கு," என்றான் வாலு. "திட்டமிட்டு வாழுறவங்க."

மீட்டரக்கா டைமரை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு சூப்பர்வைசரின் மேஜையைப் பார்த்தார். ஒரு சிறுமியின் பள்ளிக்கூடப் புகைப்படம். அதற்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்த டிபன் பாக்ஸ், நீலத் துணிப்பையின் மேல். மூடியில் இரட்டைப் புள்ளி.

"பொண்ணா?"

"எட்டாவது படிக்கிறா," என்றார் சூப்பர்வைசர். முறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. "நானும் அவளும் மட்டும்தான். அண்ணன் வீட்டுல இருக்கோம். மேடம், இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற கதி இல்ல. யாரு என்ன சொன்னாலும் எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி. நாலு அஞ்சுக்கு முதலாளி ரூமுக்கு வந்து டைமரை வாங்கிக்கோங்க. அதுவரைக்கும் யாரும் எதையும் தட்டாதீங்க."

வெளியே நடைக்கூடத்தில் வாலு கேட்டான். "அக்கா, ரெண்டு டிபன் பாக்ஸும் ஒரே மாதிரி இருந்துச்சே. ஒரே கடையில வாங்கியிருப்பாங்களோ?"

"கடையில வாங்கினா எதுக்குடா புள்ளி? மாறிடக் கூடாதுன்னுதான் புள்ளி வைப்பாங்க. மாறணும்னா ரெண்டும் ஒரே அடுப்படியில இருக்கணும்."

வாலு நின்றுவிட்டான். "அப்போ இன்ஜினியரம்மா..."

"சூப்பர்வைசரோட அண்ணன் பொண்டாட்டி. ஒரே வீடு, ஒரே மாடி. மூணு வாரமா இவங்க தேடுறாங்க, ஆறு வாரமா அவங்க தட்டுறாங்க. ஒரு வார்த்தை நடுவுல போகலை." மீட்டரக்கா பெருமூச்சு விட்டார். "சண்டை. பெரிய சண்டை."

நான்கு மணிக்கு முதலாளி அறையில் ஏசி மட்டும்தான் நிம்மதியாக இருந்தது. முதலாளி கையில் பேனா. அவருக்கு முன்னால் கடிதம். மேனேஜர் அவருக்குப் பக்கத்தில், நெற்றியில் விபூதி மாதிரி திருப்தியைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜினியர் எதிரே, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு. சாப்பிட்டிருக்கவில்லை.

"ஆதாரம் கிடைச்சுதா?" என்றார் முதலாளி.

"கிடைச்சுது." மீட்டரக்கா கைப்பையைத் திறந்து தக்காளி டைமரை மேஜை நடுவில் வைத்தார்.

மேனேஜர் அதை வெறித்துப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். இன்ஜினியர் பார்த்த பார்வை மட்டும் வேறு. வாலு அதைக் கவனித்தான். அது புதுசாக ஒரு பொருளைப் பார்க்கிற பார்வை இல்லை. தொலைந்துபோன சொந்தப் பொருளைப் பார்க்கிற பார்வை. அவர் கண் ஒரு தடவை கால் ரூம் பக்கம் போய்த் திரும்பியது. முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது.

"நான்தான் சார் செஞ்சேன்," என்றார் இன்ஜினியர்.

வாலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீட்டரக்காவே ஒரு விநாடி கண்ணைச் சிமிட்டினார். அது அவருக்கு மயக்கம் போடுவதற்குச் சமம்.

"நான் சொல்லல?" என்றார் மேனேஜர்.

"வெளி வேலைதான். என் தப்புதான். வேற யாருக்கும் சம்பந்தம் இல்ல. குடுங்க சார், கையெழுத்துப் போடுறேன்."

"என்ன வெளி வேலைம்மா?" என்றார் மீட்டரக்கா.

"அது... பெரிய வேலை."

"'இன்னிக்கு வந்த பார்சல் எத்தனை'ன்னு தினமும் நூத்தைம்பது தடவைக்கு மேல கேக்குறதா? இந்தப் பதிலை யாருக்கு விப்பீங்க?"

முதலாளியின் பேனா கடிதத்தின் மேல் இறங்கியபோது கதவு திறந்தது. நான்கு அஞ்சு. சூப்பர்வைசர் வாசலில் நின்றார். இன்ஜினியர் பழியை ஏற்றுக்கொண்டது வெளியிலேயே அவர் காதில் விழுந்திருந்தது.

"அண்ணி பொய் சொல்றாங்க சார்," என்றார் அவர். "செஞ்சது நான். அந்த டைமர் எங்க வீட்டு அடுப்படியிலேருந்து நான் தூக்கிட்டு வந்தது. எங்க அண்ணன் ஆறு வாரமா அதைத் தேடிட்டிருக்கார்."

"நீ போ," என்றார் இன்ஜினியர்.

"நீங்க பேசாதீங்க."

"கொஞ்சம் இருங்க," என்றார் மீட்டரக்கா. "ஒரு குத்தத்துக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டா எனக்கு ஃபீஸ் கேக்கவே கூச்சமா இருக்கும். அந்த மடிக்கணினியில பாருங்க, கிடங்கு என்ன பண்ணுது?"

இன்ஜினியர் திரும்பிப் பார்த்தார். "தூங்குது," என்றார், நம்ப முடியாமல்.

"டைமர் என் பைக்குள்ள வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு. இப்ப நீங்க சொல்லுங்கம்மா, எதுக்கு எழுப்பினீங்க?"

சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துச் சொன்னார். "அது தூங்கி முழிச்சா எதுவும் ஞாபகம் இருக்காது சார். எல்லாத்தையும் முதல்லேருந்து எடுத்துப் படிக்கும். முதல்ல கேக்குறவங்களுக்குப் பதில் வர ரெண்டு நிமிஷம், ரெண்டரை நிமிஷம். அதுக்குள்ள போன்ல இருக்கிறவங்க திட்டிடுவாங்க. மூணு நிமிஷம் தாண்டினா பலகையில சிவப்பு. ஒரே வாரத்துல ஆறு பேருக்கு ரெண்டு சிவப்பு. மேனேஜர் சார்கிட்ட சொன்னேன். கை வேகம் பத்தாது, மெஷினைக் குத்தம் சொல்லாதேன்னாரு. அதான் தூங்கவே விட வேணாம்னு முறை போட்டோம்."

முதலாளி பக்கவாட்டில் திரும்பினார். "உங்ககிட்ட சொன்னாங்களா?"

"எனக்கு... ஞாபகம் இல்ல சார்."

"அவரும் இப்பதான் தூங்கி எழுந்திருக்கார் போல," என்றான் வாலு. "எல்லாத்தையும் முதல்லேருந்து படிக்கணும். ரெண்டு நிமிஷம் குடுங்க."

முதலாளி பேனாவை மூடினார். "இப்படிச் செஞ்சா பில் ஏறும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார். முழிச்சிருந்தா காசுன்னு எங்களுக்கு யாரும் சொல்லலை. அஞ்சு நிமிஷத்துல தூங்கிடும்னு மட்டும்தான் சுற்றறிக்கை வந்துச்சு."

"அப்போ உங்க அண்ணிகிட்டயே சொல்லியிருக்கலாமே? ஒரே மாடிதானே."

சூப்பர்வைசர் டைமரை எடுத்துக் கையில் உருட்டினார்.

"பேச்சுவார்த்தை இல்ல சார்."

"எதுக்கு?"

"நான் தலையில சோப்பு போட்டிருக்கும்போது ஹீட்டரை அணைச்சுட்டாங்க."

"அஞ்சு நிமிஷமாத் தண்ணி சத்தம் கேக்கல," என்றார் இன்ஜினியர், தரையைப் பார்த்தபடி. "யாரும் இல்லைன்னு நினைச்சேன்."

வாலு வாயைத் திறந்தான். மீட்டரக்கா அவன் காலை மிதித்தார்.

"சரி, இப்ப நான் இந்த லெட்டரை யாருக்குக் குடுக்கணும்?" என்றார் முதலாளி, நிஜமாகவே குழம்பிப்போய்.

"யாருக்கும் வேணாம்," என்றார் மீட்டரக்கா. "ஒன்பது பேர் ஆறு வாரம் ஒரு நாள்கூடத் தவறாம நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு வேலையைச் செஞ்சிருக்காங்க. உங்க கம்பெனியில இவ்வளவு ஒழுங்கா நடந்த வேலை வேற ஒண்ணு காட்டுங்க. திருட்டு இதுல எங்கேயும் இல்ல. இதை எப்படிச் சரி பண்றதுன்னு இவங்க ரெண்டு பேரையும் கேளுங்க. இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க."

இன்ஜினியர் தயங்கித் தயங்கி நாத்தனார் பக்கம் திரும்பினார். "உங்க கேள்வி எல்லாம் சின்னக் கேள்விதானே. ஒரு பார்சல், ஒரு விலாசம். அதுக்குப் பெரிய மெஷினே வேணாம். கால் ரூமுக்குன்னு தனியா சின்னதா ஒண்ணு போட்டா, காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் முழிச்சே இருக்கட்டும். எட்டுல ஒரு பங்கு வாடகைதான். பெரியது ஒரே நிமிஷத்துல தூங்கட்டும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அரை மணி நேர வேலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே செஞ்சிருப்பேன்."

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள செஞ்சிடுங்க," என்றார் முதலாளி. கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "அந்தப் பலகையை இப்பவே கழட்டுங்க," என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் கழற்றுவதற்கு ஸ்க்ரூடிரைவர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

மீட்டரக்காவும் வாலுவும் லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது, அண்ணியும் நாத்தனாரும் நடைக்கூடத்தில் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம். சூப்பர்வைசர்தான் முதலில் பேசினார்.

"இந்த லெட்டர் விஷயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை."

"நாலு நாளாவா? அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"அவருக்கு பிபி இருக்கு. எப்படிச் சொல்றது?"

"அந்த டைமரைப் பார்த்ததும் என் பொண்ணை நினைச்சுத்தானே நான்தான்னு சொன்னீங்க?" சூப்பர்வைசருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் கோபம் வந்தது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? அப்படி என்ன வீம்பு?"

"வீம்பு இல்ல." இன்ஜினியர் துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டார். "சொல்லலாம்னு ரெண்டு தடவை உன் ரூம் கதவு வரைக்கும் வந்தேன். விளக்கு அணைஞ்சிருந்துச்சு. தூங்குறவளை எதுக்கு எழுப்பணும்னு திரும்பிப் போயிட்டேன்."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. மீட்டரக்கா ஏறவில்லை. வாலுவும் ஏறவில்லை.

"நான் தூங்கல அண்ணி," என்றார் நாத்தனார். "ரெண்டு தடவையும் நீங்க வந்து நின்னது எனக்குத் தெரியும்."